எலி பூச்சியா?

மார்ச் 4, திங்கள்

கோட்டு போட்ட ஒரு ஆள் இன்று அலுவலகத்துக்கு வந்தார். இந்த வெயிலில் கோட்டு! மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு, நம்முடைய பூச்சி ஒழிப்புக் கம்பெனியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தப் போவதாகச் சொன்னார். போன வாரம் வியாபாரிகள் கூட்டத்தில் "அடுத்து என்ன செய்யறதுன்னே தெரியல" என்று நான் வாயைவிட்டதன் பலன் இது.

"மேடம், தானா வளரணும்னா இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். ஏற்கெனவே வளர்ந்து நிக்கிறவனை வாங்கிட்டீங்கன்னா ஒரே ஒரு கையெழுத்து. ராத்திரியோட ராத்திரியா ரெண்டு மடங்கு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷமாகக் கரப்பானைத் துரத்தியாகிவிட்டது. ஒரே கையெழுத்தில் ஏதாவது நடந்தால் கசக்கவா செய்யும்? வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டிருக்கலாம். ஆனால் அவர் அந்த நேரம் யாரோ ஒருவர் வீட்டு மரத்தரைக்கு அடியில் குப்புறப் படுத்துக் கரையான் தேடிக்கொண்டிருந்தார். கம்பெனியில் பாதி அவருடையது. அந்தப் பாதி எப்போதும் தரைக்கு அடியில்தான் இருக்கும்.

மார்ச் 9, சனி

யாரை வாங்குவது? அதற்குக் கோட்டுக்காரர் தேவையே இல்லை. மீசையைத்தான்.

மீசை என்பது எங்கள் தொழிலில் எங்களுக்கு இருக்கிற ஒரே போட்டி. அவருக்கு வேறு பெயர் உண்டு. காசோலையில் மட்டும் அதைப் பார்க்கலாம். எட்டு ஆட்கள், மூன்று வேன், ஊரில் இருக்கிற ஆறு பெரிய ஹோட்டல்கள். அந்த ஆறு ஹோட்டல்களும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். நானும் எத்தனை தடவை அவர் அலுவலக மாடிப்படி ஏறியிருப்பேன்! "பாக்கலாம் மேடம்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"ஹோட்டலைத் துரத்தாதீங்க மேடம். மீசையை வாங்கினா ஹோட்டல் தானா வரும்" என்றார் கோட்டு.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் லேசாகப் போட்டுப் பார்த்தேன்.

"மீசையை வாங்கி என்ன பண்ணப் போற? ஒட்டிக்கப் போறியா?"

இந்த மனுஷனிடம் தொழில் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 21, வியாழன்

மீசை சம்மதித்துவிட்டார்! இரண்டு மாசம் இழுப்பார் என்று நினைத்தேன். முட்டி வலியாம். குனிந்து நிமிர முடியவில்லையாம். "போதும்மா, நீயே பாத்துக்கோ" என்றார். ஒரு வருஷம் ஆலோசகராக நம்முடன் இருப்பார், ஆட்களையும் ஹோட்டல்களையும் பழக்கிவிடுவார், பிறகு ஓய்வு. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மீதிப் பணத்துக்கு வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும். வேறு வழியில்லாமல் இன்றுதான் முழுக்கதையையும் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் எரிச்சல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"அதுக்குத்தான் கேக்கணும்."

கையெழுத்துப் போட்டார். பிறகு பின்பக்கம் போய் வெகுநேரம் மருந்தடிக்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அது காலையிலேயே கழுவின குழாய்.

ஹோட்டல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வராமல் போனால் வீடு இல்லை. அவ்வளவு எளிமையான கணக்கு.

ஏப்ரல் 3, புதன்

கம்பெனியை வாங்கிவிட்டேன். நான்! நாக்கில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஒப்பந்தம் எழுதியது கொழுந்தன். வக்கீல்தான், ஆனால் வீட்டு வாடகைத் தகராறு தவிர வேறொன்றும் அவரிடம் வந்து நான் பார்த்ததில்லை. வெளி வக்கீல் கேட்ட தொகைக்கு இன்னொரு மீசையையே வாங்கலாம் போலிருந்ததால் இவரையே பிடித்தோம். ஒரே சாயங்காலத்தில் இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்து அசத்திவிட்டார். "அண்ணி, முக்கியமானது பதினோராவது பக்கம். விக்கிறவர் அஞ்சு வருஷத்துக்குப் பூச்சி ஒழிப்புத் தொழில்ல நேராவோ மறைமுகமாவோ தலையிடக் கூடாது. தப்பிக்கவே முடியாது" என்றார்.

மீசை ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டார். நல்ல மனுஷன், சந்தோஷமாகத்தான் விற்கிறார் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

கம்பெனியை வாங்குவது சுலபம். வாங்கினதை வைத்துக் குடித்தனம் நடத்துவதுதான் பாடு. மீசையின் மூன்று வேனில் ஒன்று தள்ளினால்தான் ஓடும். அவருடைய ஆட்கள் நம் ஆட்களோடு உட்கார்ந்து தேநீர்கூடக் குடிப்பதில்லை. நம் ஆட்கள் தெளிப்பார்கள். அவர்கள் மூலை மூலையாகப் பசை மருந்து வைப்பார்கள். "உங்க கம்பெனியில இப்படித்தான் ஊத்தி நாறடிப்பீங்களா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். சம்பளம் கொடுப்பது நான், கம்பெனி மட்டும் "உங்க" கம்பெனியாம்!

நேற்றுவரை அவர்கள் எதற்கெடுத்தாலும் மீசைக்குத்தான் போன் போட்டார்கள். இன்றிலிருந்து கண்டிப்பாக அலுவலகத்துக்குத்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டேன். ஹோட்டல்காரர்களும் அப்படியே. கோட்டு சொன்னார்: "பழைய முதலாளி கையில கயிறு இருக்கக் கூடாது மேடம்."

மீசைக்கு முன்பக்கம் கண்ணாடி அறை. மேஜை, சுழல் நாற்காலி, பெயர்ப் பலகை. நமக்கே அப்படி ஒரு அறை கிடையாது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மே 14, செவ்வாய்

மீசை மெல்ல என் அறைக் கதவைத் திறந்தார். "ஏம்மா, நாளைக்கு நான் ஹோட்டல் பக்கம் ஒரு நடை போயிட்டு வரட்டுமா? சும்மா பாத்துட்டு வரேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே அலைச்சல்? முட்டி வலிய வச்சுக்கிட்டு! நீங்க ஓய்வா இருங்க."

"சரிம்மா" என்று போய்விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலியை இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். பாவம், வயசாகிவிட்டது.

ஜூன் 3, திங்கள்

மீசை வேலையை விட்டு நின்றுவிட்டார். முட்டி வலி தாங்கவில்லையாம். ஆலோசகர் சம்பளம் மிச்சம் என்று கோட்டு கைகொடுத்தார்.

ஜூன் 19, புதன்

மோசம் போனேன். முழுசாக மோசம் போனேன்.

மீசை புதுசாகக் கடை திறந்திருக்கிறார். கடை என்ன கடை, அவர் வீட்டு முன்னறைதான். வாசலில் பலகை: எலி, பெருச்சாளி, புறா, வவ்வால்! ஆறு ஹோட்டலும் எலி வேலையை அவரிடம் கொடுத்துவிட்டன. ஹோட்டலில் எலிதான் பெரிய வேலை. கரப்பான் எல்லாம் தொட்டுக்கொள்ள. முட்டி வலி? பரணில் ஏறிப் பொறி வைக்கிறாராம்!

ஒப்பந்தத்தோடு கொழுந்தனை இழுத்து வந்து உட்கார வைத்தேன். பதினோராவது பக்கத்தை அவர் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். தண்ணீர் கேட்டார்.

"அண்ணி... இதுல பூச்சின்னு போட்டிருக்கு."

"ஆமா, பூச்சி. அதுக்கென்ன?"

"எலி... பூச்சியா?"

எங்கள் தொழிலில் எல்லாமே பூச்சிதான். பதினைந்து வருஷமாக அப்படித்தான் பேசுகிறோம். வீட்டில் புறா கூடு கட்டினாலும் "பூச்சிக்காரங்களைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். பெருச்சாளி பிடிக்கப் போகிறவனும் "பூச்சி வேலைக்குப் போறேன்" என்றுதான் கிளம்புகிறான். எங்கள் பலகையில் பூச்சி என்று எழுதி, பக்கத்தில் எலி படம்தான் போட்டிருக்கிறோம். அந்த வார்த்தைக்குள் எலி இல்லை என்று யாருக்காவது தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை. மீசைக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்குச் சிரித்தாரே, அந்தப் பக்கத்தில்தான் சிரித்திருக்கிறார். பாவம், வயசாகிவிட்டதாம்! என் புத்தியை எதால் அடிப்பது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குக் கையில் கிடைத்தது கரண்டிதான். எறியவில்லை. எறிந்திருக்கலாம்.

ஜூலை 8, திங்கள்

வழக்குப் போட்டாயிற்று. ஒப்பந்தப்படி தகராறு என்றால் நடுவரிடம் போக வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் வாடகை அறையில் உட்கார்ந்து தீர்த்துவைப்பார். கொழுந்தனுக்கு ரோஷம் வந்து ராப்பகலாகப் படிக்கிறார். "அண்ணி, நம்ம சாட்சி யார் தெரியுமா? அண்ணன்தான்! பதினஞ்சு வருஷ அனுபவம். தொழில்ல எலியையும் பூச்சின்னுதான் சொல்வோம்னு அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேஸு முடிஞ்சுது."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஆட்டினாரா, சொறிந்தாரா என்று சரியாகப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பேனாவை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழித்துவிட்டேன். கோபத்தில்தான்.

நடுவர் முதலில் ஒப்பந்தத்தைச் சத்தமாகப் படித்தார். பதினான்காம் பக்கத்தில் நின்றார். "'விற்பவர், பூச்சியின் மென்மையும் சுவையும் குறையாத வண்ணம் தயாரிக்கும் முறையை வாங்குபவருக்குக் கற்றுத்தர வேண்டும்.' இது என்ன?" என்று கண்ணாடியைக் கழற்றினார். கொழுந்தன் ஒப்புக்கொண்டார். போன வருஷம் ஒரு ரொட்டிக் கடை கைமாறினபோது எழுதின ஒப்பந்தமாம். ரொட்டி என்று இருந்த இடத்தில் எல்லாம் கணினியில் பூச்சி என்று மாற்றிவிட்டாராம். ஒரே சாயங்காலத்தில் இருபது பக்கம்! அசத்திவிட்டார் என்று நான் வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். "அன்றாடம் மீந்த பூச்சியை மறுநாள் விற்கலாகாது" என்றும் ஒரு வரி இருந்தது. தட்டச்சு செய்கிற பெண் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். மீசை மட்டும் சிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க. எலி பூச்சியா?"

இவர் என்னைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா. எலி பாலூட்டி. குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

கொழுந்தன் "அண்ணா!" என்றார். இவரை நிறுத்த முடியுமா? பிடித்த விஷயம் வாயில் வந்துவிட்டதே. "பூச்சின்னா ஆறு கால் இருக்கணுங்கய்யா. அதைப் பார்த்தா சிலந்திகூடப் பூச்சி இல்ல."

"அதுக்குப் பேரே எட்டுக்கால் பூச்சிதானே?" என்று கொழுந்தன் அலறினார்.

"பேருதான் அப்படி. எட்டுக் கால் இருந்தா அது எப்படிப் பூச்சி ஆகும்?"

மீசை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் என்னவோ குறித்துக்கொண்டார். தீர்ப்பு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கட்டுப்பாடு பூச்சிக்கு மட்டுமே. எலிக்கு இல்லை.

வேனில் வரும்போது கேட்டேன்: "நீங்க யாருக்குச் சாட்சி?"

"பொய் சொல்லச் சொல்றியா? கேட்டது எலியைப் பத்தி."

வீடு போகப் போகிறது, இந்த மனுஷனுக்கு எலியின் குலம் கோத்திரம் முக்கியம்! அழுதேன். கோபத்தில் வருகிற அழுகைதான், ஆனால் நிற்கவில்லை. பயமாகவும் இருக்கிறது. இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது? ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன், நங்கென்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மீசை சிலந்தியும் ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

ஹோட்டலில் கொள்முதல் பார்ப்பவர் கூப்பிட்டிருந்தார். போனால், பக்கத்து நாற்காலியில் மீசை.

"ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிடறேன். போன வாரம் சமையல்கட்டுல எலி செத்துக் கிடந்துச்சு. எலிக்காரரைக் கூப்பிட்டா, அதை மொய்க்கிற ஈ என் வேலை இல்லைங்கறாரு. பூச்சிக்காரங்களைக் கூப்பிட்டா, ஈயை அடிச்சிட்டு எலியை அப்படியே போட்டுட்டுப் போறாங்க. என்ன விளையாட்டா? எனக்கு ஒரே கம்பெனி, ஒரே போன் நம்பர் வேணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வெளியூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வந்துடுவேன்."

மீசையும் நானும் ஒன்றாகப் படியில் இறங்கினோம். அவருக்கு நிஜமாகவே முட்டி வலிதான் போல. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோட்டுக்குப் போன் போட்டேன். "அப்ப அந்த எலிக் கம்பெனியையும் வாங்கிடுங்க மேடம்" என்றார். ஒரே ஆளை இரண்டு தடவை வாங்குவதாம். போனை வைத்துவிட்டேன். இனி எடுக்கப் போவதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மீசை வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல். முன்னறை முழுக்கப் பொறிகள். அவர் வீட்டம்மா நாற்காலியில் இருந்த இரண்டு பொறியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

நேராகவே கேட்டேன். "ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க? காசு வாங்கிட்டீங்கதானே? என் வீடு அடமானத்துல இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்மா." மீசையைத் தடவினார். "பலகை மாட்டணும்னு நினைச்சுக் கையெழுத்துப் போடல. பூச்சின்னு மட்டும் இருந்துச்சு, பாத்தேன், சிரிப்பு வந்துச்சு, விட்டுட்டேன். நிஜமாவே ஓய்வெடுக்கத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ என்னைக் கண்ணாடிக்குள்ள உக்கார வச்சே. மீன் தொட்டி மாதிரி! வர்றவன் போறவன் எல்லாம் பாத்துட்டுப் போறான், ஒருத்தன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். என் பசங்க என்கிட்டப் பேசக் கூடாதுன்னு உத்தரவு வேற. ஹோட்டல் பக்கம் போகட்டுமான்னு உன்கிட்டயே வந்து கேட்டேன். ஓய்வெடுங்கன்னு சொன்னே. காசைக் குடுத்துட்டு ஆளைத் தூக்கிப் போட்டுட்டியேம்மா."

"வலிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முட்டி வலிக்குதுன்னா சொன்னேன், மூளை வலிக்குதுன்னா சொன்னேன்?"

கத்தினேன். அவரும் கத்தினார். அவர் வீட்டம்மா இடையில் வந்து இரண்டு பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, "குடிச்சிட்டுக் கத்துங்க" என்றார். குடித்தோம். அதற்கப்புறம் கத்த வரவில்லை.

இப்போது நிலைமை இதுதான்: அவரிடம் என் காசு இருக்கிறது, கம்பெனி இல்லை. என்னிடம் அவர் கம்பெனி இருக்கிறது, காசு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நானில்லை என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 16, திங்கள்

மீசை கூட்டாளியாக வருகிறார். நான் கொடுத்த காசில் பெரும்பகுதியை அவர் திரும்பக் கம்பெனியில் போடுகிறார். மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அந்தக் காசு நேரே வங்கிக்குப் போகிறது. பத்திரம் உடனே வராது, ஆனால் வங்கி மேலாளர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது நின்றிருக்கிறது. வாங்கப் போய் விற்றுவிட்டு வந்திருக்கிறேன். கோட்டுக்காரரின் பாடத்தில் இதற்கு என்ன பெயரோ!

இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டேன். ஒன்றரை மாசம் கழித்து அவரிடம் நான் பேசின முதல் முழு வாக்கியம் அதுதான்.

"அந்தாளைக் கூட்டாளியாச் சேக்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்."

"நீ என்னைக் கேக்காம ஒரு கம்பெனிய வாங்கினே. நான் உன்னைக் கேக்காம ஒரு உண்மையைச் சொன்னேன். சரியாப் போச்சு. சேத்துக்கோ."

"சரியாப் போகல. நடுவர் முன்னாடி எல்லாரும் இருக்கும்போது எலிக்கு வக்காலத்து வாங்கினது நீங்க. அதுக்கு இன்னும் பாக்கி இருக்கு."

"சரி, பாக்கி" என்றார். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தம் இந்தத் தடவை வெளி வக்கீல். கொழுந்தனுக்கு முகம் தொங்கிவிட்டது. பிழை திருத்துகிற வேலையை அவருக்குக் கொடுத்தேன். ரொட்டி எங்கேயும் இல்லை என்று மூன்று தடவை பார்த்துச் சொன்னார்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் மூவரும் ஹோட்டலுக்குப் போனோம். ஆறு ஹோட்டலுக்கும் சேர்த்து மூன்று வருஷ ஒப்பந்தம். கொள்முதல்காரர் ஒவ்வொரு பக்கமாக முத்திரை குத்திவிட்டு, கடைசிப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"அவசரத்துக்கு நான் யாரைக் கூப்பிடணும்? ஒரு நம்பர். ஒண்ணே ஒண்ணுதான்."

என் கை பைக்குள் போய்விட்டது. என் நம்பர் போட்ட அட்டை விரலில் பட்டது. இந்தக் கட்டத்தில் என் நம்பர் வர வேண்டும் என்றுதானே இத்தனை கூத்தும்? எத்தனை வருஷம் அந்தப் படியை ஏறினேன்? அட்டையை உள்ளேயே விட்டேன்.

"இவரைக் கூப்பிடுங்க. அண்ணே, உங்க நம்பரைச் சொல்லுங்க."

மீசை பொறிக்குள் மாட்டின எலியிடம்கூட ஓயாமல் பேசுகிறவர். நம்பரில் நடு எண் தடுமாறிவிட்டது. வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொடுத்தார்.

கீழே இறங்கி வந்தால் ஒரே வேன், மற்றதெல்லாம் வேலையில். முன்னால் இரண்டே இருக்கை. வீட்டுக்காரர் ஓட்ட வேண்டும்.

"நீ முன்னாடி உக்காரும்மா. முதலாளியம்மா நீ."

"முட்டிய மடக்கிட்டு நீங்க பின்னாடி ஏறுவீங்களா? பேசாம முன்னாடி ஏறுங்கண்ணே!"

மருந்துக் கேன்களை நகர்த்திவிட்டு நடுவில் இடம்பண்ணி உட்கார்ந்தேன். துணியெல்லாம் மருந்து நாற்றம். முன்னால் இரண்டு பேரும் மூன்றாவது ஹோட்டலில் எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேனில் தலையைச் சாய்த்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்று இவர் தோளைத் தட்டும்வரை நன்றாகத் தூங்கிவிட்டேன்.